கழிவறைக்கு ஒரு நாற்காலி

எங்கள் வீட்டுக் கழிவறைக் கதவின் அகலம் இருபத்திரண்டு அங்குலம். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உள்ளே நீளம் ஐந்தடி, அகலம் மூன்றடி. அதில் பின்பாதி முழுக்க ஒரு மேடை, ஏழு அங்குல உயரம். அந்த மேடையில்தான் குத்துக்கால் வைத்து உட்காரும் பீங்கான் பதித்திருக்கிறது. மந்தைவெளியில் இந்த மாடி வீட்டுக்கு நாங்கள் வாடகைக்கு வந்து இருபத்தாறு வருடம் ஆகிறது. அம்மா கீழே விழுகிற வரைக்கும் இந்த அளவு எதுவும் எனக்குத் தெரியாது. கழிவறையை யார் டேப் வைத்து அளப்பார்கள்?

அம்மா விழுந்தது கழிவறையில் இல்லை. கீழே தெரு வாசலில், தள்ளுவண்டிக்காரரிடம் முருங்கைக்காய்க்குப் பேரம் பேசியபடியே பின்னால் ஓர் அடி வைத்தாள். அங்கே படி இருந்தது. தொடை எலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிவு. ஆபரேஷன் செய்து உள்ளே இரும்புப் பந்து வைத்தார்கள். டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். வாக்கர் பிடித்து நன்றாக நடக்கலாம். குத்துக்கால் வைத்து மட்டும் இனி ஆயுசுக்கும் உட்காரக் கூடாது. உங்கள் வீட்டில் எந்த மாதிரி கழிவறை என்று கேட்டார். சொன்னேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, ஏதாவது ஏற்பாடு பண்ணிக்கொள்ளுங்கள் என்றார்.

ஏற்பாடு என் தம்பியிடம் தயாராக இருந்தது. அவன் பெங்களூரில் இருக்கிறான். பதினோராவது மாடி, லிஃப்ட், மூன்று கழிவறை, மூன்றும் நாற்காலி மாதிரி உட்காருகிறவை. அம்மா இனி அங்கேயே இருந்துவிடட்டும் என்றான். அவன் கெட்டவனாக இருந்தால் எனக்கு வேலை சுலபம். பாவி, நல்லவன். அம்மாவுக்காக ராத்திரி பகலாக ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து கிடந்தவன். நான் நந்தனத்தில் ஒரு ஆபீசில் வேலை பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்குக் கிளம்பினால் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் வீடு. கல்யாணம் காட்சி என்று எதுவும் பண்ணிக்கொள்ளவில்லை, வீட்டில் நானும் அம்மாவும்தான். அந்த ஒன்பது மணி நேரம் அம்மா தனியாக எப்படிக் கழிவறைக்குப் போவாள் என்று அவன் கேட்டான்.

ஆஸ்பத்திரியில் அவன் காபி வாங்கக் கீழே போனதும் அம்மா என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தவள் அவள். காலையில் எல்லோரும் வேலைக்குப் போய்விட்டால் பால்கனியில் நின்று எதிர் கட்டடத்தின் பால்கனிகளை எண்ணுவாளாம். இங்கே கீழ் வீட்டு அம்மா நாலு மணிக்கு மேலே வந்துவிடுவார். வாசலில் போகிற கீரைக்காரி முதல் தபால்காரர் வரை எல்லோருக்கும் அம்மாவிடம் ஒரு வார்த்தை பேசாமல் போக முடியாது.

"என்னை அனுப்பிடாதடி," என்றாள். "அங்க போனா நான் பேசவே மறந்துடுவேன்."

தம்பி காபியோடு வந்ததும் அவனிடம் சொல்லிவிட்டேன், இரண்டு வாரம் கொடு என்று. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை காருடன் வருவதாகச் சொன்னான். அதற்குள் அம்மா துணை இல்லாமல் தானே கழிவறைக்குப் போய் வந்தால் இங்கே இருக்கலாம், இல்லையென்றால் அவனோடு கிளம்ப வேண்டும். நானும் சரி என்றேன். சரி என்று சொல்லிவிட்டு உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டேன். முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அப்படித்தான் வரும், சின்ன வயசிலிருந்தே.

முதலில் வீட்டு ஓனரிடம் போனேன். மேடையை உடைத்து வெஸ்டர்ன் வைக்க அனுமதி கேட்டேன். கட்டடத்தை பில்டருக்குக் கொடுக்கப் பேச்சு நடக்கிறதாம், இப்போது போய் உடைத்தால் அடியில் ஓடும் குழாயும் சேர்ந்து உடையும், கீழ் வீட்டு அடுப்பங்கரையில் ஒழுகும் என்றார். நியாயம்தான். நியாயமாகப் பேசுகிறவர்கள் மேல் வருகிற எரிச்சல் தனி. அடுத்து, ஆஸ்பத்திரி சாமான் விற்கிற கடையிலிருந்து நடுவில் ஓட்டை போட்ட நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்தேன். அகலம் இருபத்து நாலு அங்குலம். கதவில் சிக்கி நின்றது. பக்கவாட்டில் திருப்பி உள்ளே நுழைத்தால் மேடைமேல் நாலு காலும் நிற்க இடம் இல்லை. அந்த நாற்காலியை அன்றைக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன். அப்போதே முடிவு பண்ணிவிட்டேன், நானே செய்வது என்று.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுச் சாமான்களில் பாதி நான் செய்ததுதான். செத்துப்போன ஃபிரிட்ஜின் கம்பித் தட்டுகள் செருப்பு ஸ்டாண்டாக நிற்கின்றன. ஓடாத கிரைண்டரின் டிரம்மைக் கவிழ்த்து மேலே பஞ்சு வைத்துத் தைத்து முக்காலி ஆக்கியிருக்கிறேன். பக்கத்துத் தெருவில் இடித்த வீட்டின் ஜன்னல் கதவுகள் இரண்டைச் சேர்த்ததுதான் இஸ்திரி மேஜை. டிரில்லிங் மெஷின், ரம்பம், ஸ்பேனர் எல்லாம் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் இருக்கும். வருகிறவர்களிடம் அம்மா, இது வீடா காயலான் கடையா என்று நீங்களே சொல்லுங்கள் என்பாள். ஆனால் அந்த முக்காலியில் வேறு யாரையும் உட்கார விடமாட்டாள்.

ஆபீசுக்கு எட்டு நாள் லீவு போட்டேன். அம்மாவுக்குப் படுக்கையிலேயே பெட்பேன் வைக்க வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வாள். எழுபத்து மூன்று வயசில் பெற்ற பெண்ணிடமே கூச்சப்பட்டாள். அதைப் பார்க்க முடியாமல் எழுந்து போய் ரம்பத்தை எடுத்துக்கொள்வேன்.

எல்லோரும் செய்வதைத்தான் முதலில் செய்தேன். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியை எடுத்து, கத்தியை அடுப்பில் காய்ச்சி, நடுவில் வட்டமாக அறுத்தேன். வீடு முழுக்கப் பிளாஸ்டிக் தீய்ந்த நாற்றம். மேடைமேல் தூக்கி வைத்து நானே உட்கார்ந்து பார்த்தேன். கால் தரையில் எட்டவில்லை, அந்தரத்தில் தொங்கியது. சரி, ஒரு பலகை போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்து லேசாக முன்னால் சாய்ந்தேன். ஈரத்தில் நாற்காலியின் முன்னங்கால்கள் இரண்டும் விரிந்தன. நான் மடமடவென்று சரிந்து கதவில் போய் முட்டினேன். படுக்கையிலிருந்து அம்மா, உயிரோடு இருக்கிறாயா என்று விசாரித்தாள். முழங்கையில் தோல் உரிந்து எரிந்தது. அந்த இடத்தில் அம்மா உட்கார்ந்திருந்தால் என்று நினைத்ததும் நாற்காலியை வெளியே இழுத்துப் போட்டேன்.

அங்கேயே தரையில் உட்கார்ந்து யோசித்தேன். அம்மா மேடைமேல் ஏறவே கூடாது. கீழ்த் தரையிலேயே நின்று, திரும்பி, பின்பக்கமாக அப்படியே உட்கார வேண்டும். அப்படியானால் நாற்காலிக்குப் பின்னங்கால் மேடைமேல், முன்னங்கால் கீழ்த் தரையில். முன்னங்கால் ஏழு அங்குலம் அதிக நீளம். போதாததற்குத் தரை தண்ணீர் ஓடுவதற்காக ஒரு பக்கம் வாட்டமாக இருக்கிறது. அதனால் இடது காலும் வலது காலும்கூடச் சமம் இல்லை. நாலு காலும் நாலு உயரம். இப்படி ஒரு நாற்காலியை உலகத்தில் எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள். வரிசையாக ஓட்டை போட்ட இரும்பு ஆங்கிள் இருந்தால்தான் முடியும். எந்த ஓட்டையில் வேண்டுமோ அதில் நட்டு போல்ட் மாட்டி உயரத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

பரணைப் பார்த்தேன். பழைய போர்வையில் சுற்றி, கயிறு கட்டி, அந்த ஆங்கிள் கட்டு அங்கே இருந்தது.

அது எங்கள் கொலுப்படி. அப்பா இருந்தபோது வாங்கியது. வருடத்தில் ஒன்பது நாள் நவராத்திரிக்கு ஐந்து படியாக மாட்டி, பலகை அடுக்கி, வெள்ளை வேட்டி விரித்துப் பொம்மை வைப்போம். மற்ற நாளெல்லாம் பரணில் கிடக்கும். எனக்கு அது என்னவென்று நன்றாகத் தெரியும். தெரிந்துதான் எடுத்தேன். நவராத்திரிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது, அப்போது பார்த்துக்கொள்ளலாம், இரும்பு இரும்புதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கட்டைப் பிரிக்கும்போது அம்மா உள்ளேயிருந்து இரும்பு ஏது என்று கேட்டாள். இருந்தது என்றேன். பொய் இல்லைதான். ஆனால் அதற்குமேல் அவள் கேட்டுவிடக் கூடாது என்று டிரில்லிங் மெஷினைப் போட்டேன்.

மூன்று நாள் வேலை. பிளாஸ்டிக் நாற்காலியின் கால்களை அறுத்துவிட்டு மேல்பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டேன். அதற்கு அடியில் நாலு பக்கமும் ஆங்கிள் சட்டம், குறுக்கே இரண்டு, கைகளுக்கு அடியிலும் தாங்கல். விளிம்பெல்லாம் கத்தி மாதிரி வெட்டும் என்பதால் சைக்கிள் கடையில் கிழிந்த டியூப் கேட்டு வாங்கி வந்து இறுக்கமாகச் சுற்றினேன். கால்களின் நுனிக்கு ஊன்றுகோலுக்குப் போடும் ரப்பர் குப்பி. வாட்டத்தைச் சரிக்கட்ட என்னுடைய பழைய ஹவாய் செருப்பை வட்டமாக வெட்டி அடியில் கொடுத்தேன். வாக்கர் கதவுக்குள் நுழையாது. அதை வெளியே விட்டுவிட்டுப் பிடித்துக்கொள்ளக் கதவு நிலையில் பழைய கேட்டின் கைப்பிடிகள் இரண்டை முடுக்கினேன். நாற்காலியைச் சுவரோடு சேர்த்து இரண்டு போல்ட். பிறகு அதில் நான் உட்கார்ந்தேன், எழுந்தேன், ஆடினேன், வேண்டுமென்றே தொப்பென்று விழுந்தேன். இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டும் உட்கார்ந்தேன். அசையவில்லை, மலை மாதிரி நின்றது.

அம்மா முதல் தடவை உள்ளே போய்விட்டுத் தானே வெளியே வந்தபோது என்னைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு இருக்கிறதே, அப்பப்பா. அன்றைக்குச் சாயங்காலமே கீழ் வீட்டு அம்மாவைக் கூப்பிட்டுக் கழிவறையைக் காட்டினாள். என் பெண் செய்தது, கடையில் கிடைக்காது என்றாள். காயலான் கடை என்ற பேச்சே அன்றைக்கு எழவில்லை. திங்கட்கிழமை நான் ஆபீசுக்குப் போனேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் போன் செய்தேன். நான் என்ன கைக்குழந்தையா என்று திட்டினாள். செவ்வாயும் அப்படியே போயிற்று. நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

புதன்கிழமை காலையில் துணி ஊறவைத்த சோப்புத் தண்ணீரை, வழக்கம்போல, கழிவறையில் ஊற்றித் தேய்த்தேன். நாற்காலிக் கால் ஓரமாகச் செக்கச்செவேலென்று ஏதோ வழிந்தது. துருவாக இருக்கும் என்று இன்னொரு வாளி ஊற்றிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன்.

சாயங்காலம் வந்தபோது அம்மாவுக்குப் பக்கத்தில் காலையில் வைத்த தண்ணீர் பாட்டில் நிரம்பியபடியே இருந்தது. மோர் அப்படியே இருந்தது. உதடு காய்ந்திருந்தது. உடம்புக்கு என்ன என்று பதறினேன். அவள் தன் ஆள்காட்டி விரலை நீட்டினாள். நுனியில் சிவப்பு. நான் போன பிறகு உள்ளே போனவள், காலடியில் சிவப்பாக ஓடுவதைப் பார்த்து, ஆபரேஷன் செய்த இடத்தில் ரத்தம் என்று முதலில் பயந்திருக்கிறாள். பிறகு தொடைக்குப் பக்கத்தில், டியூப் சுற்றாத இடத்தில், கையால் தடவிப் பார்த்திருக்கிறாள். மோந்து பார்த்ததும் தெரிந்துவிட்டது. அது மஞ்சள். வருடா வருடம் கொலுவின் முதல் நாள் படியின் ஒவ்வொரு காலுக்கும் அவள் கையால் குழைத்து வைத்த மஞ்சளும் குங்குமமும், ஓட்டைகளில் அடைத்துக் காய்ந்து கிடந்தது. சோப்பு பட்டால் மஞ்சள் சிவக்கும். அது எனக்கும் தெரியும், பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

கோபம் வந்தால் அம்மாவுக்கு மந்தைவெளி மறந்து, பிறந்த சைதாப்பேட்டை வந்துவிடும்.

"இன்னாடி பண்ணி வெச்சிக்கிற," என்றாள். குரல்கூட உயரவில்லை. "அம்மன் ஒக்காந்த காலுடி அது. இப்ப எங்க நிக்கிது பாரு."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருப்பேனா? பரணில் பல்லி எச்சத்துக்கு நடுவே கிடந்தபோது அது சாமி இல்லையா என்று கேட்டேன். இரும்பில் சாமி இருந்தால் உனக்கு உள்ளே வைத்திருக்கிற இரும்பிலும் இருக்கும் என்றேன். அவள் காய்ந்த உதட்டை நாக்கால் தடவிக்கொண்டாள். அன்று முழுக்க அவள் போகாமல் இருக்கத்தான் தண்ணீர் குடிக்காமல் கிடந்திருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பயத்தையும் நான் கோபமாகத்தான் காட்டினேன். அப்படியானால் பெங்களூருக்கே போ என்று சொல்லிவிட்டேன். வாயிலிருந்து விழுந்த வார்த்தை. அம்மா முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். இதை எழுதும்போதும் என்னை நான் நாலு அறை அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மறுநாள் ஆபீசுக்குப் போகவில்லை. மறுபடியும் பெட்பேன். மறுபடியும் லீவு. ஆனால் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. வேறு இரும்பில் அதே நாற்காலியைச் செய்துவிட்டால் போயிற்று. கீழ் வீட்டு அம்மாவைத் துணைக்கு உட்கார வைத்துவிட்டு வியாழனும் வெள்ளியும் பழைய இரும்புக் கடைகளைத் தேடி அலைந்தேன். கடைசியில் சைதாப்பேட்டை மார்க்கெட்டுக்குப் பின்னால் ஒரு பாயின் கடையில் ஆங்கிள் கிடைத்தது, மூடிப்போன ஏதோ கடையின் ரேக்கிலிருந்து கழற்றியது. எதற்கு என்று கேட்டார். சொன்னேன். அவர் ஒரு துண்டை எடுத்து இரண்டு கையாலும் லேசாக முறுக்கிக் காட்டினார்.

"இது பேப்பர் அடுக்குற ரேக்கு, அக்கா. மெலிசு. ஆளு ஒக்காந்தா தாங்காது, அதுவும் வயசானவங்கன்றீங்க."

நான் கேட்கிற ஆளா? குறுக்கே கூடுதலாக இரண்டு போட்டுக்கொள்கிறேன் என்றேன். அவர் தோளைக் குலுக்கிவிட்டுக் கட்டிக் கொடுத்தார். ஆட்டோவில் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்த அந்தக் கட்டைப் பிடித்தபடி வீடு வந்து சேர்ந்தேன்.

சனிக்கிழமை காலையில் பழைய நாற்காலியை அக்கு அக்காகக் கழற்றி ஹாலில் போட்டேன். புது இரும்பில் கால் வைத்து, குறுக்கே இரண்டுக்குப் பதில் நாலு சட்டம் மாட்டி, சாயங்காலத்துக்குள் முடித்தேன். உட்கார்ந்தேன். முதலில் ஒன்றும் ஆகவில்லை. அரிசி மூட்டையை மடியில் வைத்தேன். வலது முன்னங்கால் ஒரு ஓட்டை இருந்த இடத்தில் மெதுவாக, சத்தமே இல்லாமல், வெளிப்பக்கமாக மடங்கியது. சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன். பாய் சொன்னது அப்படியே நடந்தது. இனித் தேட நாளும் இல்லை, கடையும் இல்லை. கழிவறை மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன். துக்கத்தை விடக் கோபம்தான் அதிகம். நாளைக்கு இந்நேரம் அம்மா காரில் ஏறியிருப்பாள், நான் இந்த இரும்பை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உள்ளேயிருந்து அம்மா என்ன சத்தம் என்று கேட்டாள். ஒன்றும் இல்லை என்றேன். அழுத மூக்கோடு சொன்னால் யார் நம்புவார்கள்?

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குத் தம்பி வந்தான். விடியற்காலையிலேயே கிளம்பியிருக்கிறான். பின் சீட்டில் அம்மா சாய்ந்து உட்கார இரண்டு தலையணை போட்டுக் கொண்டுவந்திருந்தான். ஹால் முழுக்க இரும்பு. கழிவறையில் ஒன்றும் இல்லை, வெறும் மேடை. அவன் எட்டிப் பார்த்தான். அம்மாவின் துணிகளை எதில் வைக்கட்டும் என்று மட்டும் தணிந்த குரலில் கேட்டான். நான் அலமாரியைத் திறந்து பையை எடுத்தேன். கை வரவே இல்லை.

அப்போது கட்டிலிலிருந்து அம்மா கூப்பிட்டாள். அந்தப் பழைய கால் நாலையும் கொண்டுவா என்றாள். எனக்குப் புரியவில்லை. கொண்டுபோய்க் கொடுத்தேன். டியூபை அவிழ் என்றாள், அவிழ்த்தேன். மடியில் செய்தித்தாள் விரிக்கச் சொன்னாள். ஜாக்கெட்டில் குத்தியிருந்த ஊக்கை எடுத்தாள். கட்டில் விளிம்பில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு காலை எடுத்து மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு, முதல் ஓட்டையில் அடைத்திருந்த மஞ்சளைச் சுரண்ட ஆரம்பித்தாள்.

ஒரு காலுக்கு எத்தனை ஓட்டை, நாலு காலுக்கு எத்தனை. ஒன்றையும் விடவில்லை. தம்பி பக்கத்தில் வந்து, நான் செய்கிறேன் கொடு அம்மா என்றான். தலையைத் தூக்காமலேயே, நீ போய் இட்லி சாப்பிடு என்றாள். அவள் கையால் வைத்தது, அவள் கையாலேயே எடுக்க வேண்டும் என்று இருந்திருக்கும். ஒவ்வொரு காலும் முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு என்னிடம் நீட்டினாள். மடியில் மஞ்சளும் சிவப்புமாய் ஒரு கைப்பிடி தூள் சேர்ந்துவிட்டது. தாளை மடித்து, செம்பருத்தித் தொட்டியில் கொட்டு, கால் படக்கூடாது என்றாள். மணி பன்னிரண்டுக்குமேல் ஆகியிருந்தது.

நான் தொட்டியில் கொட்டிவிட்டு வந்து அவள் எதிரில் நின்றேன். நவராத்திரிக்கு என்னம்மா செய்வது என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பொம்மையெல்லாம் பாய் விரிச்சுத் தரையில வெச்சிடலாம்," என்றாள். "சாமி தரையில ஒக்காந்துக்கும். என்னாலதான்டி தரையில ஒக்கார முடியல."

ஸ்பேனரை எடுத்தேன். கண் மறைத்ததில் இரண்டு தடவை போல்ட் கை தவறி விழுந்தது. தம்பி வந்து முட்டி போட்டு உட்கார்ந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டான். எந்தக் கால் எங்கே என்று அவனுக்குப் பிடிபடவில்லை. நாலும் நாலு உயரம் என்றதும் நிமிர்ந்து பார்த்தான். நீயா அளந்தாய் என்றான். ஆமாம் என்றேன். செருப்பு வட்டங்களை அவன்தான் ஒவ்வொன்றாக அடியில் கொடுத்தான். சுவர் போல்ட்டை முடுக்கியதும் அவனையே உட்கார்ந்து பார்க்கச் சொன்னேன். தயங்கித் தயங்கி உட்கார்ந்தான். எண்பது கிலோ இருப்பான். கையை ஊன்றி எழுந்தான், மறுபடி உட்கார்ந்தான். நீ ஆபீசில் இருக்கும்போது அவள் விழுந்துவிட்டால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டான். நான் பதில் சொல்வதற்குள் ஹாலில் வாக்கரின் சத்தம் கேட்டது.

அம்மா வந்துகொண்டிருந்தாள். தம்பி பிடிக்கப் போனான். வாக்கரை ஒரு தட்டுத் தட்டி அவனை நகரச் சொன்னாள். கதவருகே வாக்கரை விட்டாள். இடது கையால் நிலையின் கைப்பிடி, வலது கையால் நாற்காலியின் கை. இரண்டு அடி வைத்து, மெதுவாகத் திரும்பி, எங்கள் இருவரையும் பார்த்தபடி பின்னால் தடவி உட்கார்ந்தாள். பிறகு கையை நீட்டிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

நாங்கள் இருவரும் கதவுக்கு வெளியே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போயிற்று. உள்ளே சத்தமே இல்லை. தம்பி என் கையைப் பிடித்துவிட்டான். நான் கதவைத் தட்டப் போனேன்.

"ரெண்டு பேரும் அங்க நிக்காதீங்க," என்றாள் அம்மா உள்ளேயிருந்து. "ஆளு நின்னா எனக்கு வராது."

ஹாலுக்கு வந்தோம். தம்பி முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்து வீட்டுக்குப் பேசினான். அம்மா வரவில்லை, இங்கேயே இருக்கிறாள் என்று சொன்னான்.